ஆசிரியரும் மாணவரும் சமூக வலைத்தளத்தில் தொடர்பில் இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பாசிரியர் பொறுப்பும் உண்டு. ஸ்டாஃப் ரூமிலும் பெற்றோர் கூட்டத்திலும், சில நேரம் பிள்ளைகளிடமிருந்தும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. கல்லூரிக்குக் கொஞ்சம் வேறு கணக்கு, அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். இருக்கலாமா, கூடாதா?

வகுப்பாக, பெற்றோரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கலாம். தனியாக, அவரவர் சொந்தக் கணக்கில், பிள்ளை பள்ளியை முடிக்கும் வரை வேண்டாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விதி இல்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தால் வராந்தாவில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காருவோம். மழை என்றால் அறைக்குள் போவோம், கதவு திறந்தே இருக்கும். யாரையும் சந்தேகப்பட்டு இப்படிச் செய்வதில்லை, பழக்கம் அப்படி. தனி மெசேஜ் என்பது கதவு சாத்திய அறை. வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா, டெலிகிராமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் பேச வேண்டியது.

நான் ஒழுங்கான ஆசிரியர். எனக்கு எதற்கு இந்தக் கட்டுப்பாடு? என்னைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறதே.

ஸ்டாஃப் ரூமில் இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது.

தப்பான எண்ணம் உள்ளவர் அனுப்புகிற முதல் பத்து மெசேஜும், உண்மையான அக்கறையில் நீங்கள் அனுப்புகிற முதல் பத்து மெசேஜும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ‘ரெக்கார்டு நோட் முடிச்சியா?’ ‘இன்னைக்கு ஏன் லீவு?’ ‘காய்ச்சல் எப்படி இருக்கு?’ ‘சாப்பிட்டியா?’ ‘இன்னும் தூங்கலையா?’ இதில் எந்த வரியில் அக்கறை முடிந்து தூண்டில் ஆரம்பிக்கிறது? பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கும் தெரியாது. எனக்கே சொல்ல வராது.

ஆனால் நம் பள்ளியில் எந்த ஆசிரியரும் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவதில்லை என்று ஒரு வழக்கம் இருந்துவிட்டால், யாரோ ஒருவர் அனுப்புகிற முதல் ‘சாப்பிட்டியா?’விலேயே பிள்ளைக்கு உறைத்துவிடும். ‘இது புதுசா இருக்கே’ என்று வீட்டில் சொல்லும். நாம் ஒதுங்கி நிற்பது அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற அளவுகோல். பத்து நல்ல ஆசிரியர்கள் ராத்திரி பத்து மணிக்குத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், பதினோராவது ஆள் அவர்களுக்குள் சுலபமாக ஒளிந்துகொள்வார்.

அப்புறம் மதிப்பெண் இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இதில் கடைசிப் பத்து என் பேனாவில் இருக்கிறது. என் மெசேஜுக்குப் பதில் போடாமல் விட அந்தப் பிள்ளைக்கு உண்மையில் சுதந்திரம் இருக்கிறதா? நாம் நண்பனாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். எதிர்ப்பக்கம் சார் என்றுதான் படிக்கிறார்கள்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மாணவியின் பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி சொல்லி ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டார். அவர் எல்லோருக்கும் அதைத்தான் போடுவார், அவருடைய அக்காவுக்கும் தலைமையாசிரியருக்கும்கூட. ஸ்கிரீன்ஷாட்டில் மேலே இருந்த வாழ்த்தை வெட்டிவிட்டு இதயத்தை மட்டும் யாரோ சுற்றுக்கு விட்டார்கள். விசாரணையில் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. அதற்கப்புறம் பெண் பிள்ளைகள் உட்காரும் பக்கம் பார்த்து அவர் பாடம் நடத்தி நான் கண்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவரை ஃபாலோ செய்தாலே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை ஆசிரியர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். அதில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான். பிளஸ் டூ வகுப்பில் பெரும்பாலானவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். ‘அவள் சம்மதித்துதான் பேசினாள்’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

அதன் 11ஆம் பிரிவு பாலியல் தொந்தரவு பற்றியது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை நேரிலோ மின்னணு வழியாகவோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் அதில் குற்றம். தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். உடலைத் தொட்டுச் செய்யும் பாலியல் தாக்குதலுக்கு 3 முதல் 5 ஆண்டு என்றால், அதையே கல்வி நிறுவனத்தின் ஊழியர் செய்தால் 5 முதல் 7 ஆண்டு. நம் தொழிலே குற்றத்தின் எடையைக் கூட்டுகிறது.

பலருக்குத் தெரியாத பகுதி 19ஆம் பிரிவும் 21ஆம் பிரிவும். இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் போலீசிடம் சொல்லாமல் விட்டால், விட்டவர் மீதே வழக்கு வரும். 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ‘பள்ளி பேர் கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் பொருந்தும். அவை ஃபேஸ்புக் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்டவை. ஆனாலும் நடத்தை நடத்தைதான்.

2021இல் ஏதோ உத்தரவு வந்ததே?

வந்தது. அந்த மே மாதம், சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியரைப் பற்றி முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுத ஆரம்பித்தார்கள். ஆன்லைன் வகுப்பில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்களும் அதில் இருந்தன. அவர் கைதானார். தொடர்ந்து வேறு பள்ளிகளைப் பற்றியும் புகார்கள் வந்தன. அதற்கடுத்துதான் மாநில அரசு ஆன்லைன் வகுப்புகளுக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. வகுப்பறைக்கு உடுத்துகிற மாதிரியே உடுத்த வேண்டும், வகுப்பைப் பதிவு செய்து வைக்க வேண்டும், பள்ளிதோறும் ஆசிரியரும் பெற்றோரும் இடம்பெறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது.

இந்த விஷயத்தில் சமூக வலைத்தளத்தைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வருஷக்கணக்காக யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததை அந்தப் பெண்கள் சொல்ல இடம் கொடுத்ததும் அதே இன்ஸ்டாகிராம்தான்.

உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வருகிறதா, யாராவது ஃபைலைத் தேடப் போகிறார்களா என்று கவனியுங்கள்.

வெளிநாட்டில் மொத்தமாகத் தடை போட்டிருக்கிறார்களாமே?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆசிரியரும் மாணவரும் மட்டுமே பார்க்கக்கூடிய தனித் தொடர்பு எந்த வலைத்தளத்திலும் இருக்கக் கூடாது என்றது ஒரு பிரிவு. எண்ணம் சரி, நான் சொல்கிற சாத்திய கதவும் அதுதான். ஆனால் எழுதிய விதம் அகலமாகப் போய்விட்டது. பள்ளியில் படிக்கும் தன் சொந்தப் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்புகிற ஆசிரியரும் அதில் மாட்டுவார். ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டது. அமலுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. சில வாரங்களிலேயே சட்டமன்றம் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மாவட்டமும் தனக்கான கொள்கையை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

அடுத்த வருஷம் நியூயார்க் நகரக் கல்வித் துறை வேறு வழியில் போனது. சொந்தக் கணக்கு வேறு, பள்ளி வேலைக்கான கணக்கு வேறு. மாணவரோடு தொடர்பு இரண்டாவதில் மட்டும். நடைமுறைக்கு இதுதான் ஒத்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் கணக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் பிரச்சினை பெரும்பாலும் நடப்பது அங்கேதான் என்பது வேறு கதை.

வாட்ஸ்அப் குரூப் இல்லாமல் இப்போது பள்ளி நடக்குமா?

நடக்காது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது குரூப் ஆரம்பித்தோம். கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்று சொல்ல அது தேவைப்பட்டது. பள்ளி திறந்தது, குரூப் மட்டும் மூடவில்லை. இப்போது வீட்டுப்பாடம், கட்டண விவரம், தேர்வு அட்டவணை, பெற்றோர் கூட்டம், தொலைந்துபோன டிஃபன் பாக்ஸ் எல்லாம் அதில்தான்.

ஆனால் அந்த எண்கள் யாருடையவை என்று யோசித்திருக்கிறீர்களா? என் வகுப்புப் பட்டியலில் பாதிக்கு மேல் அம்மாவின் எண். அப்பா லாரி ஓட்டுகிறவர் என்றால் போன் அவரோடு போய்விடும். சனிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வரும். சில எண்கள் அண்ணனுடையவை, ஒன்றிரண்டு பக்கத்து வீட்டுக்காரருடையவை. ஒருமுறை ஒரு பையனுக்கு ‘அரையாண்டில் மூன்று பாடத்தில் தேறவில்லை, நாளை அப்பாவோடு வா’ என்று தனியாக அனுப்பினேன். பதில் உடனே வந்தது: ‘சார், நான் ஒர்க்ஷாப் ஓனர், இது என் நம்பர், பையன் லீவு நாள்ல இங்க வேலைக்கு வருவான், சொல்லிடறேன்.’ அந்தப் பையனின் மார்க் அவனுக்கு முன்னால் அவன் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. போன் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு, சில சமயம் ஒரு தெரு என்று அன்றைக்குப் புரிந்தது.

குரூப்பை எப்படி வைத்துக்கொண்டால் தலைவலி குறையும்?

என் குரூப்பில் இரண்டு அட்மின்: நானும் இன்னொரு ஆசிரியையும். ஒரே ஆசிரியர் மட்டும் அட்மினாக இருக்கும் வகுப்புக் குரூப் எனக்குப் பிடிப்பதில்லை. தலைமையாசிரியரும் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. அவர் படிக்க மாட்டார், ஆனால் இருப்பார்.

அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம் என்ற அமைப்பை ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுவிடுவேன், காலையில் எடுப்பேன். இதைச் செய்த முதல் வாரம் இரண்டு அம்மாக்கள் கோபித்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் ‘நிம்மதியா இருக்கு சார்’ என்றார்கள். காலை வணக்கப் பூக்களும் ‘பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்’ வகையறாவும் பாதியாகக் குறைந்துவிட்டன.

சாதாரண குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நாற்பது பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது சின்ன விஷயம் இல்லை. அறிவிப்பு மட்டும்தான் வேலை என்றால் வாட்ஸ்அப் சேனல் போதும். அதில் சேருகிறவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியிலும் அப்படித்தான்.

குரூப்பில் போடவே கூடாதவை சில உண்டு. ‘மெல்லக் கற்போர் பட்டியல்’ என்று தலைப்பிட்டுப் பெயர் போடுவது. மார்க் லிஸ்ட். உதவித்தொகைக்கு ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் படமெடுத்து ‘எல்லாரும் இங்கயே போடுங்க’ என்பது. பொதுத்தேர்வு நேரத்தில் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் ஒரே அட்டவணையாகப் போடுவது. அந்த இரண்டும் கையில் இருந்தால் யார் முடிவையும் யாரும் பார்த்துவிடலாம். ரிசல்ட் அன்றைக்குப் பெயில் ஆன பிள்ளைக்கு முன்னாலேயே அது தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் தனியாகப் பாடச் சந்தேகம் கேட்கிறார். பதில் சொல்லாமல் விடுவதா?

விடாதீர்கள். பதிலைக் குரூப்பில் சொல்லுங்கள். என் வழக்கம் இது: தனியாக வந்த கேள்விக்கு, ‘நல்ல கேள்விப்பா, எல்லாருக்கும் உதவும், குரூப்ல சொல்றேன்’ என்று ஒரு வரி. அப்புறம் கேட்டவர் பெயரைப் போடாமல் குரூப்பில் விடை, பெரும்பாலும் தாளில் எழுதிப் படமெடுத்து. கூச்சப்படும் பிள்ளைக்குப் பெயர் வராதது நிம்மதி. மற்ற இருபது பேருக்கும் அதே இடத்தில்தான் இடித்துக்கொண்டிருக்கும், அவர்களுக்கும் பயன். மூன்றாவது முறை அவர்களே குரூப்பில் கேட்கப் பழகிவிடுகிறார்கள்.

சொந்த விஷயமாக இருந்தால் ‘நாளைக்கு மதிய இடைவேளையில ஸ்டாஃப் ரூமுக்கு வாம்மா’.

இன்ஸ்டாவில் ஃபாலோ ரிக்வெஸ்ட் வருகிறது. என்ன செய்வது?

ஏற்க வேண்டாம். பிளாக் செய்யவும் வேண்டாம், பிள்ளை மனம் நோகும். அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாள் வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்: ‘யார் ரிக்வெஸ்ட் கொடுத்தாலும் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் ஏத்துக்க மாட்டேன். பிளஸ் டூ முடிச்சிட்டு வாங்க.’ ஒரு தடவை சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. சிலரை ஏற்று சிலரை விட்டால்தான் வம்பு. யார் சாருக்குச் செல்லம் என்ற கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும்.

நீங்கள் அவர்களை ஃபாலோ செய்வது அதைவிட மோசம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் டீன் கணக்கு என்ற ஏற்பாட்டை அறிவித்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும்; பிள்ளை ஏற்கெனவே ஃபாலோ செய்கிறவர்களும் தொடர்பில் இருக்கிறவர்களும்தான் மெசேஜ் அனுப்ப முடியும். அதாவது பிள்ளை உங்களை ஃபாலோ செய்த நொடியில் அந்தப் பூட்டு உங்களுக்குத் திறந்துவிடுகிறது. வயதை ஏற்றிப் போட்டுக் கணக்கு ஆரம்பித்த பிள்ளைகளுக்கு அந்தப் பூட்டும் இல்லை. எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இன்ஸ்டாவில் ‘2002இல் பிறந்தவர்கள்’.

வகுப்பில் ரீல்ஸ் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. தப்பா?

பாடத்தைப் பாட்டாகப் பாடி, கையைத் தட்டி, ஒலியின் வேகத்தை மைதானத்தில் நடந்து காட்டி எடுத்த நல்ல காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஆசிரியர் முகமும் கரும்பலகையும் தெரிந்தால் போதும்.

பிள்ளைகள் முகம் வருகிறபோதுதான் யோசிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரிப்பது உங்களுக்கு ஐம்பதாயிரம் பார்வை. அவனுக்கு அது பத்தாம் வகுப்பு வரைக்கும் பட்டப்பெயர். அந்தச் சீருடை எந்தப் பள்ளி என்று ஊருக்கே தெரியும். கீழே யார் என்ன கமெண்ட் போடுகிறார்கள் என்று நீங்கள் தினமும் பார்ப்பீர்களா? பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். ‘ஊருக்கே தெரியிற மாதிரி என் பொண்ணைப் போடாதீங்க சார்’ என்று ஒரு அம்மா சொன்னால் விவாதம் செய்யாதீர்கள். அந்தப் பெண்ணை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை எடுக்கவும் செய்யாதீர்கள். அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

டியூஷன் விளம்பரத்துக்காகப் பக்கம் நடத்துகிற பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது.

ஒரு மாணவியின் ஸ்டேட்டஸ் பயமாக இருக்கிறது. ‘எல்லாருக்கும் குட்பை’ என்று போட்டிருக்கிறாள். ராத்திரி பதினோரு மணி.

இங்கே மேலே சொன்ன விதிகளெல்லாம் இரண்டாம்பட்சம். உடனே வீட்டுக்குப் போன் போடுங்கள், மெசேஜ் வேண்டாம். அவர்கள் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டில் யாரைத் தெரியும் என்று யோசியுங்கள். அதே தெருவிலிருந்து வருகிற இன்னொரு பிள்ளையின் அப்பாவை அனுப்புங்கள். பிள்ளையே நேராகப் பேசினால் பேசுங்கள், போனை வைக்கச் சொல்லாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். அந்த நேரத்திலேயே இன்னொரு ஆசிரியருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். மனநல உதவிக்கு 24 மணி நேர டெலி மானஸ் எண் 14416. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ‘ஸ்டேட்டஸ் போட்டு ஊரைக் கூட்டுறா’ என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் அவர் வாயை அடையுங்கள்.

அப்படியானால் மாணவர்களின் பக்கங்களைக் கண்காணிக்கலாமா?

வேண்டாம். வேறு பெயரில் கணக்கு ஆரம்பித்துப் பிள்ளைகளை நோட்டம் விடுகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நல்ல எண்ணம்தான் என்பார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், அப்புறம் உண்மையான ஆபத்து வரும்போது அந்த ஆசிரியரிடம் ஒருவரும் வர மாட்டார்கள்.

சாதிப் பெருமை ரீல்ஸ் போடுகிற மாணவர்களை என்ன செய்வது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிறைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இப்போது கயிறு போனுக்குள் போய்விட்டது: பின்னணிப் பாட்டு, தலைவர் படம், பயோவில் ஒரு சொல்.

பையனைத் திட்டுவதற்கு முன்னால் நம் ஸ்டேட்டஸைப் பார்ப்போம். குருபூஜை அன்றைக்கு, சாதிச் சங்க மாநாடு அன்றைக்கு நாம் என்ன போட்டோம்? நம் எண் நாற்பது வீட்டில் சேமிக்கப்பட்டிருக்கிறது, நம் போனிலும் அந்த நாற்பது எண்ணும் இருக்கிறது. ‘சார் நம்மாளு’ என்று ஒரு பையனும், ‘சார் அவங்காளு’ என்று இன்னொரு பையனும் அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இரண்டாவது பையன் திங்கட்கிழமை கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்க மாட்டான்.

என் சொந்தக் கணக்கு, என் இஷ்டம் இல்லையா?

இஷ்டம்தான். திருமணம், சுற்றுலா, புது வண்டி, எல்லாம் போடுங்கள். பூட்டிப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் டிபியும் ஸ்டேட்டஸும் யாருக்குத் தெரியலாம் என்ற அமைப்பில் பெற்றோர் எண்களை விலக்கிவைக்க முடியும். பள்ளிக்கென்று தனி எண் வாங்கிவிட்டால் இன்னும் எளிது. இப்போது ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு ஓடுகிறது.

பெண் ஆசிரியர்களுக்கு இது அறிவுரைக்கும் மேலே. டிபியை எடுத்து ஸ்டிக்கராக்கி, வேறு படத்தோடு ஒட்டி, பையன்கள் குரூப்பில் சுற்றவிட்ட சம்பவங்கள் நிறைய. ‘நீங்க ஏன் மிஸ் போட்டோ வெச்சீங்க?’ என்று அந்த ஆசிரியையையே கேட்கிற மேலதிகாரிகளும் உண்டு. போட்டோ வைத்தது தப்பில்லை. வெட்டி ஒட்டியவன் மீதுதான் நடவடிக்கை வேண்டும். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பையன் என்றால், முதலில் அவன் அம்மாவை அழைத்து அந்த ஸ்டிக்கரைக் காட்டிப் பேசுவது பல நேரம் போதுமானதாக இருக்கிறது.

என் மகளின் ஆசிரியர் அவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறார். பெற்றோராக நான் என்ன செய்ய?

முதலில் மகளைத் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த மெசேஜ் உங்கள் கண்ணுக்கு வராது. எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி.

பாடம் பற்றிய சாதாரண மெசேஜ் என்றால், ‘சார், இனிமே என் நம்பருக்கே அனுப்புங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் ‘சரிங்கம்மா’ என்பார், அங்கேயே முடிந்துவிடும். ‘ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்பட்டால் கவனமாக இருங்கள். ராத்திரி நேரத்து மெசேஜ், தோற்றத்தைப் பற்றிய பேச்சு, ‘வீட்ல சொல்லாதே’, ‘படிச்சிட்டு டெலீட் பண்ணிடு’, தானாக மறைகிற மெசேஜ் என்று ஏதாவது இருந்தால் பேச்சுவார்த்தையே வேண்டாம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், கல்வித் துறையின் 14417 எண்ணிலும் 1098இலும் சொல்லலாம். பாலியல் தன்மை இருந்தால் நேராக அனைத்து மகளிர் காவல் நிலையம். பையன் என்றாலும் இதேதான். பையன்களுக்கும் நடக்கிறது. அவர்கள் சொல்வதுதான் குறைவு.

நான் பத்தாவது படிக்கிறேன். சார் நல்லவர்தான், ஆனால் ராத்திரி மெசேஜ் பண்ணுகிறார். பதில் போடாவிட்டால் மார்க் குறையுமா?

பதில் போடாதேம்மா. பொதுத்தேர்வுத் தாளை அவர் திருத்த மாட்டார், உன் பெயர் இல்லாமல் வேறு ஊரில் திருத்துவார்கள். உனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றால் அந்தச் சங்கடமே போதும். ‘சார் என்ன தப்பு பண்ணினார்’ என்று நீ நிரூபிக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் சொல். அம்மாவிடம் முடியாது என்றால் அத்தை, சித்தி, உனக்குப் பிடித்த வேறு மிஸ், யாராவது ஒருவர். யாரும் இல்லையென்றால் 1098க்கு நீயே போன் போடலாம், காசு ஆகாது.

பள்ளி முடித்த மாணவர்கள்?

தாராளமாக. 18 வயதும் முடிந்திருக்க வேண்டும், பள்ளியும் முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே என் இன்ஸ்டாவுக்கு இருபது ரிக்வெஸ்ட் வரும். அவரவர் கல்லூரியில் சேரும் வரை காத்திருக்கச் சொல்வேன். யார் எங்கே சேர்ந்தார்கள், எந்தக் கல்லூரியில் எந்த உதவித்தொகை, ஹாஸ்டல் எப்படி என்று தம்பி தங்கைகளுக்குச் சொல்ல அவர்களைவிட நல்ல ஆள் இல்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு பேட்ச் குரூப்பில் இப்போது நான்தான் அமைதியாக இருக்கிற ஆள்.

கல்லூரியில்?

வயது வந்தவர்கள் என்பதால் கதவு கொஞ்சம் தளரலாம், மொத்தமாகக் கழற்ற வேண்டாம். இன்டர்னல் மார்க், ஆய்வேட்டில் கையெழுத்து, பரிந்துரைக் கடிதம் எல்லாம் இன்னும் ஆசிரியர் கையில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைப்படி எல்லா உயர்கல்வி நிறுவனத்திலும் பாலியல் தொந்தரவுப் புகார்களுக்கு உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர்களும் அதில் புகார் கொடுக்கலாம். முனைவர் பட்ட மாணவர்கள்தான் அதிகம் மாட்டுகிறவர்கள். நெறியாளர் ஒருவர், வருஷம் ஐந்து.

பெற்றோர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெசேஜ் போட்டால்?

காலையில் பாருங்கள்.

மழைக்காலத்தில் ‘நாளைக்கு ஸ்கூல் உண்டா சார்?’ என்று நாற்பது மெசேஜ் வருகிறது. இதற்காவது தனியாகப் பதில் போடலாமா?

நவம்பர் வந்தால் விடிகாலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடும். அதோடு போன வருஷத்துக் கலெக்டர் அறிவிப்பைத் தேதி மட்டும் மாற்றி யாராவது குரூப்பில் தட்டிவிடுவார்கள், ஆளுக்கு ஆள் கைதட்டும் எமோஜி. நான் ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரே வரி குரூப்பில் போடுவேன்: ‘பள்ளி உண்டு. குடை எடுத்து வரவும்.’ போன வருஷம் அதற்கு ஒரு பையன், அம்மா போனிலிருந்து, குரூப்பிலேயே எல்லார் முன்னாலும் கேட்டான்: ‘சார் நீங்க நல்லா பாத்தீங்களா?’